பாதிப் பேச்சு

லாங்வேர் தீவு
24 ஜனவரி 1984

எய்லிஃப்,

நேத்து சாயங்காலம் கரை ரேடியோவிலேருந்து போன் வந்துச்சு. "ஹவ்தெர்னா படகிலேருந்து அழைப்பு, ஓட்னி இருக்காங்களா?"ன்னு அந்தப் பொண்ணு கேட்டா. ஓட்னி வீட்ல இல்லைன்னு ஓட்னியே பதில் சொல்லிட்டா. அந்தப் பொண்ணுக்கு என் குரல் தெரியாதா என்ன, வருஷக்கணக்கா நமக்கு இணைப்புக் கொடுக்கறவ. "சரி, இல்லைன்னே சொல்லிடறேன்"னா. நல்ல பொண்ணு.

உன் புருஷன் கூப்பிட்டா எடுக்க மாட்டியான்னு நீ கத்துவே. எடுக்க மாட்டேன். படகு ரேடியோ வழியா வர்ற போன்ல நான் இனிமே வாயைத் திறக்கறதா இல்லை. உனக்கு என்ன, படகு ஓட்டற அறையோட கதவைச் சாத்திக்கிட்டு மைக்கை வாய்கிட்ட வெச்சுப் பேசுவே. நீ பேசறது அந்தப் பொண்ணுக்கும் எனக்கும் மட்டும்தான் கேக்கும். நான் பேசறது மலை மேல இருக்கற கம்பத்துக்குப் போய், அங்கேருந்து குளிர்கால மீன்பிடிக்கு லோஃபோடன் போய்க் கிடக்கற அத்தனை படகுக்கும் கேக்கும். படகு மட்டுமா? பக்கத்து வீட்டு பெர்க்லியூட் ரொட்டிப் பெட்டிக்குப் பக்கத்துல ஒரு ரேடியோ வெச்சிருக்கா. புருஷன் ஈவர் எப்படி இருக்கான்னு கேக்கறதுக்காம். ஈவர் வாரத்துக்கு ஒரு தடவைதான் பேசறான், மத்த நாள்லாம் அவ யாரைக் கேக்கறாளாம்?

கேட்டதை வெளிய பேசக்கூடாதுங்கறது நம்ம ஊர் மரியாதை. ரொம்ப நல்ல மரியாதைதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அடுப்புக் கதவு கீல் உடைஞ்சுபோச்சுன்னு உன்கிட்ட சொன்னேன். மறுநாள் காலைல சர்ச்சைப் பார்த்துக்கற கோயில்காரர் கையில கீலோட வாசல்ல நிக்கறார். சும்மா இந்தப் பக்கமா வந்தேன், பையில ஒரு கீல் கிடந்துச்சுங்கறார். எவனாவது சும்மா நடக்கறப்ப பையில கீல் போட்டுக்கிட்டு நடப்பானா? அன்னிக்கு நான் சிரிச்சேன். போன வருஷம் சிரிக்க முடியலை.

போன வருஷம் பிப்ரவரியில நம்ம பிள்ளை ஆமுண்ட் செத்துப்போனதை உனக்குச் சொல்ல எனக்கு வேற வழி இல்லை. அந்தப் பொண்ணு அழைப்பு இருக்கற படகுங்களோட பேரைப் படிச்சப்ப ஹவ்தெர்னாவையும் படிச்சா. உன் பேர் வந்தவுடனே எல்லாரும் காதைத் தீட்டிக்கிட்டாங்க, குழந்தை பிறந்த வீடாச்சே. நான் அழுதது முழுக்க அவங்க கேட்டாங்க. நீ பேசினது ஒருத்தனுக்கும் கேக்கலை. கடைசியா, "சரி, முடிச்சுட்டு வா"ன்னு நான் சொன்னது மட்டும் எல்லாருக்கும் கேட்டுச்சு. நீ கேட்டதுக்குத்தான் அந்தச் "சரி". ஆனா இந்தத் தீவுல என்ன பேச்சு தெரியுமா? பிள்ளையைப் பறிகொடுத்தும் புருஷனை மீன் பிடிச்சுட்டு வான்னு சொன்னவ ஓட்னி, கல்லு மாதிரி பொம்பளை. பாதிரியார்கூட போன மாசம் என் கையைப் பிடிச்சு, உன் மனவலிமை எங்களுக்கெல்லாம் பாடம்னார். எனக்கு அந்தக் கையைக் கடிச்சு வைக்கலாம்போல இருந்துச்சு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஆமுண்டுக்குக் கல்லறைக் கல் வைக்கறாங்க. பிப்ரவரி 22, புதன்கிழமை. பாதிரியார் அன்னிக்குத்தான் நம்ம தீவுக்கு வர்றார். அடக்கம் பண்ணினப்பதான் நீ இல்லை. இதுக்கு வா. விடிகாலைல கிளம்பினா மத்தியானத்துக்குள்ள வந்துடலாம், மறுநாள் திரும்பிப் போயிடு. ஒரே ஒரு நாள். நீ வரலைன்னா நான் போடோ பட்டணத்துல யூருன் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன், திரும்ப வரமாட்டேன். பயமுறுத்தலை. முன்கூட்டியே சொல்லி வைக்கறேன்.

பதிலைக் கடுதாசியா போடு.

ஓட்னி


பால்ஸ்டாட் துறைமுகம், லோஃபோடன்
30 ஜனவரி

அன்பு ஓட்னி,

பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் நான் இவ்வளவு நீளமா எதையும் எழுதினதில்லை, அதனால கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. தம்பி ஹோகுன் எதிர்ல உக்காந்து சூப் குடிச்சுக்கிட்டே, என்ன அண்ணா, உயில் எழுதறியான்னு கேக்கறான்.

நீ வீட்ல இல்லைன்னு அந்தப் பொண்ணு எனக்குச் சொன்னதும் எல்லாப் படகுக்கும் கேட்டுச்சு. கரையிலேருந்து வர்ற குரல்தானே. சாயங்காலம், பனி கொட்டுது, நீ வீட்ல இல்லாம எங்க போயிருப்பே? ஒருத்தனும் ஒண்ணும் கேக்கலை. மறுநாள் ஈவர் மட்டும் நம்ம படகுல ஏறி, பெர்க்லியூட் கொடுத்தனுப்பின கேக்ல பாதியை மேஜை மேல வெச்சுட்டுப் போனான். அவன் கேக்கை யாருக்கும் கொடுக்கற ஆள் இல்லை. அதுலேருந்தே என் நிலைமை எனக்கு விளங்கிடுச்சு.

நீ சொல்றது நியாயம்தான். உன் குரல் மட்டும் வெளிய போகுதுங்கறதை நான் அவ்வளவா யோசிச்சதில்லை. இங்க எல்லாப் பொம்பளைங்க குரலும் அப்படித்தானே போகுதுன்னு இருந்துட்டேன். சாயங்காலம் வலையை அடுக்கிட்டு உக்காந்தா ஒவ்வொரு வீட்டுக் கதையும் வரும். ஒருத்தி வீட்ல பிள்ளைக்குப் பல் முளைக்குது, ஒருத்தி மாமியாரைத் திட்டறா. நாங்க சிரிக்க மாட்டோம், சத்தியமா. பாதிப் பேர் கேட்டுக்கிட்டே தூங்கிடுவாங்க.

மேட்டு மேல மீன் வியாபாரி கடைகிட்ட ஒரு போன் பூத் இருக்கு. அங்கேருந்து பேசினா யாருக்கும் உன் குரல் கேக்காதுதான். ஆனா அதுக்கு முன்னாடி எப்பவும் ஒரு வரிசை. கதவு சரியா மூடாது. பின்னாடி நிக்கறவங்க எல்லாம் வானத்தைப் பார்க்கற மாதிரி நின்னுக்கிட்டு என் பேச்சைக் கேட்டுக்கிட்டு இருப்பாங்க. எனக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும்.

22ஆம் தேதி வர்றேன். கட்டாயம் வர்றேன். ஹோகுன்கிட்ட சொல்லிட்டேன், அவனும் சரின்னுட்டான். போடோ பேச்சை எடுக்காதே.

மீன் இன்னும் ஆழத்துலதான் இருக்கு. காத்து தென்மேற்கு.

உன் எய்லிஃப்


லாங்வேர்
7 பிப்ரவரி

எய்லிஃப்,

உன் கடுதாசியை மூணு தடவை படிச்சேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்கலை, கொஞ்சம்தான் சிரிச்சேன்.

பூத்ல பேச உனக்கு ஏன் பிடிக்கலைன்னு எனக்கு இப்பதான் உறைச்சுது. பூத்ல நான் பேசறது மறைஞ்சிருக்கும், நீ பேசறது வெளிய கேக்கும். படகுல நீ பேசறது மறைஞ்சிருக்கும், நான் பேசறது வெளிய கேக்கும். உனக்கு நாக்கு ஒட்டிக்குதாம். எனக்கு இத்தனை வருஷமா எங்க ஒட்டிக்கிட்டு இருந்துச்சுன்னு நினைச்சே? சரி, விடு. சண்டை போட இப்ப மனசு இல்லை.

கல் வந்துடுச்சு. ஊர்ப் படகுல வைக்கோல் சுத்தி அனுப்பியிருந்தாங்க. நான் நினைச்சதைவிடச் சின்னது. பேரை மட்டும் பொறிக்கச் சொன்னேன், வசனம் ஒண்ணும் வேண்டாம்னுட்டேன். அவன் படிக்கற மாதிரி எந்த வசனமும் எனக்குத் தோணலை. நம்ம கல்லறைத் தோட்டம் மணல்தரைங்கறதால இன்னும் உறையலை, தோண்டறது கஷ்டமில்லைன்னு கோயில்காரர் சொன்னார்.

உன் நீலக் கம்பளிச் சட்டையைத் துவைச்சு அடுப்புக்கு மேல காயப் போட்டிருக்கேன். கைமுட்டியில ஓட்டை இருந்துச்சு, தைச்சுட்டேன். ஆட்டு விலா ஒண்ணு உப்புல ஊறுது, ஹோகுனையும் சாப்பிட வரச் சொல்லு. ரெண்டு நாளா நான் பாட்டு முணுமுணுத்துக்கிட்டே வேலை செய்யறேன். பெர்க்லியூட் ஜன்னல் வழியா பார்த்துட்டு, என்ன விசேஷம்னு கேட்டா. எய்லிஃப் வர்றான்னு சொன்னேன். எனக்கே சொல்லச் சந்தோஷமா இருந்துச்சு, அதை உன்கிட்ட மறைக்க மாட்டேன்.

நேரா துறைக்கு வந்துடு. நான் அங்க நிப்பேன்.

ஓட்னி


பால்ஸ்டாட்
23 பிப்ரவரி

ஓட்னி,

எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலை. காத்து அடிச்சுதுன்னு எழுதலாம்னு பார்த்தேன். நேத்து காத்தே இல்லைங்கறது உனக்கே தெரியும், கடல் தட்டு மாதிரி கிடந்துச்சு. அதனால நடந்ததைச் சொல்லிடறேன்.

விடியறதுக்கு முன்னாடி கிளம்பிட்டோம். நான் முகம் மழிச்சிருந்தேன். ஹோகுன் அவன் நல்ல ஸ்வெட்டரைப் போட்டிருந்தான். மத்த படகெல்லாம் வலை இருக்கற பக்கம் போறாங்க, நாங்க மட்டும் தெற்கே. முந்தின நாள் சாயங்காலம்தான் மீன் கும்பலா மேல வந்திருந்துச்சு, எல்லாரும் பேய் பிடிச்ச மாதிரி இருந்தாங்க. கலங்கரை விளக்கத்தைத் தாண்டறப்ப ஈவர் ரேடியோவுல கூப்பிட்டான். எல்லாரும் கேக்கற சேனல். "எய்லிஃப், படகு மூக்கைத் தெற்கே திருப்பிட்டியே, வீட்ல ஏதாவதா?"

நான் மைக்கைக் கையில எடுத்தேன். என் பிள்ளைக்குக் கல் வைக்கறாங்கன்னு சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வரி. மொத்தக் கடலும் நான் என்ன சொல்லப் போறேன்னு காத்துக்கிட்டு இருந்துச்சு, ஓட்னி. அவ்வளவு மீனை விட்டுட்டு, போன வருஷம் வராதவன் இந்த வருஷம் ஏன் போறான்னு ஒவ்வொருத்தனும் நினைப்பானேன்னு தோணுச்சு. போன வருஷம் நீதான் என்னை இருக்கச் சொன்னேன்னு அவங்க நினைச்சுக்கிட்டு இருக்காங்க, அதையும் நான்தானே உடைக்கணும். "ஒண்ணுமில்லை, இன்ஜின் சூடாகுது, ஓட்டிப் பார்க்கறேன்"னு சொல்லிட்டேன்.

அதோட விட்டிருந்தா வந்திருப்பேன். ஈவர் நல்லவன், அதுதான் வினை. நடுக் கடல்ல நின்னுபோச்சுன்னா என்ன பண்ணுவே, நானும் கூட வர்றேன், கயிறு கட்டி இழுத்துக்கலாம்னு அவன் வலையை விட்டுட்டுப் படகைத் திருப்பி என் பின்னாடியே வந்துட்டான். ஓடாத இன்ஜினுக்காக இல்லை, நல்லா ஓடற இன்ஜினுக்காக ஒருத்தன் ஒரு நாள் மீனை இழக்கறான். நான் என்ன பண்ணுவேன்? சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன். ஹோகுன் ஸ்வெட்டரைக் கழட்டி மடிச்சு வெச்சுட்டு, ரப்பர் உடுப்பை மாட்டிக்கிட்டு வலை இழுக்க வந்துட்டான்.

நேத்து படகு நிறைய மீன். எனக்குச் சாப்பாடு இறங்கலை.

அந்த விலாவை என்ன பண்ணினே?

எய்லிஃப்


லாங்வேர்
28 பிப்ரவரி

எய்லிஃப்,

விலாவைப் பாதிரியார் சாப்பிட்டார். ரெண்டு தடவை போட்டுக்கிட்டார்.

நான் துறையில நின்னேன். பாதிரியார் எனக்காக ரொம்ப நேரம் காத்திருந்தார், அப்புறம் இருட்டறதுக்குள்ள முடிக்கணும்னு கோயில்காரர் வந்து கூப்பிட்டார். கல்லை வெச்சோம். நானும் பெர்க்லியூட்டும் இன்னும் நாலு பேரும். கடல்ல வேலைன்னா வேலைதான்னு யாரோ ஆறுதலா சொன்னாங்க. நானும் தலையை ஆட்டினேன். கல்லு மாதிரி பொம்பளையாச்சே, தலையை ஆட்டத்தானே வேணும். அன்னிக்குச் சாயங்காலம் ஈவர் பெர்க்லியூட்கிட்ட பேசியிருக்கான் போல. மறுநாள் அவ கேக்கோட வந்து, இன்ஜினைப் பத்தி ஒண்ணும் சொல்லாம, என் தோளைத் தடவிட்டுப் போனா. இன்ஜின் கோளாறுல மாட்டிக்கிட்ட புருஷனுக்காக என் மேல பரிதாபம். உன் கடுதாசி வர்ற வரைக்கும் நானும் ஏதோ கோளாறுன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

உன் இன்ஜினுக்காக ஈவர் வலையை விட்டுட்டு வந்தான். அத்தனை பேர் பார்க்க, அவ்வளவு மீனையும் விட்டுட்டு வந்தான். உன் பிள்ளைக்காக உன்னால வர முடியலை. இதுக்கு மேல நான் திட்டறதுக்கு ஒண்ணுமில்லை.

போன வருஷம் நீ போன்ல சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கு. நீ மறந்திருந்தா எழுதறேன். "அவன்தான் போயிட்டானே ஓட்னி, நான் வந்து என்ன பண்ணப் போறேன்? மீன் இப்பதான் வந்திருக்கு." பக்கத்து அறையில பிள்ளை கிடந்தான், இன்னும் துணி சுத்தலை. உன்கிட்ட கெஞ்சணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா கெஞ்சினா அத்தனை படகும் கேக்கும். வரமாட்டேன்னு நீ சொல்றது கேக்காது, வான்னு நான் கெஞ்சறது மட்டும் கேக்கும். அந்த வெக்கத்துலதான் "சரி, முடிச்சுட்டு வா"ன்னேன். நீ அதை அனுமதின்னு எடுத்துக்கிட்டே. ஊர் அதை வீரம்னு எடுத்துக்கிச்சு. ஒரு வருஷமா நான் அந்த வீரத்தைச் சுமந்துக்கிட்டு கடைக்கும் கோயிலுக்கும் போய்வர்றேன். எனக்கு முடியலை, எய்லிஃப்.

அக்காவுக்கு எழுதிட்டேன். போடோ ஆஸ்பத்திரியில துணி வெளுக்கற இடத்துல வேலை இருக்காம். மார்ச் கடைசியில கிளம்பறேன். ஆடுகளை பெர்க்லியூட் பார்த்துக்குவா. நீ கூப்பிடாதே. எழுதறதுக்கும் இனி ஒண்ணுமில்லை.

ஓட்னி


பால்ஸ்டாட்
15 மார்ச்

ஓட்னி,

எழுதறதுக்கு இனி ஒண்ணுமில்லைன்னு சொன்னே. நேத்து நடந்ததுக்கு அப்புறம் எழுதாம இருக்க முடியலை.

உன் கடுதாசியைச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டு ரெண்டு வாரம் சுத்தினேன். நேத்து சாயங்காலம் காத்து பலமா இருந்துச்சு, எல்லாப் படகும் துறைமுகத்துலேயே கிடந்துச்சு, எல்லாரும் ரேடியோவைத் திறந்து வெச்சிருந்தாங்க. இதைவிட நல்ல நேரம் வராதுன்னு தோணுச்சு. அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு, உன் நம்பரைக் கேட்டு, என் பக்கத்தையும் திறந்து விடும்மான்னு சொன்னேன். நான் பேசறதும் எல்லாருக்கும் கேக்கணும்னு. அவங்களால அது முடியும், ஒரு சுவிட்சைத் தட்டினா போதும், ஆனா இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைன்னா. நெஜமாத்தானா ஹவ்தெர்னான்னு ரெண்டு தடவை கேட்டா. நெஜமாத்தான்னேன். ஹோகுன் எழுந்து வெளிய போகப் பார்த்தான், உக்காருடா, நீயும் கேளுன்னேன்.

மணி அடிச்சுது, நீ எடுத்தே. அந்தப் பொண்ணு உன்கிட்ட ஏதோ சொன்னா, அப்புறம் என்னைப் பேசச் சொன்னா. பேசினேன்.

நான் என்ன பேசினேன்னு உனக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுத மாட்டேன். போன வருஷத்தையும் சொன்னேன், இன்ஜினையும் சொன்னேன், இன்னும் நான் யார்கிட்டயும் சொல்லாததையும் சொன்னேன். அதை ரெண்டாவது தடவை சொல்ல எனக்குத் தெம்பில்லை. நான் அழுதது உனக்குக் கேட்டிருக்கும். பரவாயில்லை, இவங்களுக்கும் கேட்டுச்சு.

நீ ஒண்ணும் பேசலை. எனக்குச் சமையலறைக் கடிகாரம் கேட்டுச்சு. அப்புறம் கெட்டில் கூவ ஆரம்பிச்சுது. கூவிக்கிட்டே இருந்துச்சு, நீ போய் எடுக்கலை. எப்பவும் ஒரு சொட்டு பொங்கினாலே ஓடறவ நீ. அடுப்பைக்கூடப் பார்க்காம நான் பேசறதைக் கேட்டுக்கிட்டு நிக்கறியேன்னு நினைச்சப்ப எனக்கு இன்னும் பேச தைரியம் வந்துச்சு. எல்லாத்தையும் சொல்லி முடிச்சு, அவ்வளவுதான் ஓட்னின்னேன். அதுக்கும் நீ பேசலை. உன் குரல் இனி அந்த வழியா வராதுன்னு நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு. அதனால வருத்தப்படலை.

அதுக்கப்புறம் எத்தனையோ பேர் வீட்டுக்குப் பேசக் காத்துக்கிட்டு இருந்தாங்க, ஒருத்தனும் மைக்கை எடுக்கலை. இன்னிக்குக் காலைல துறையில ரெண்டு மூணு பேர் என்னைப் பார்த்துட்டு வேற பக்கம் திரும்பிக்கிட்டாங்க. திரும்பட்டும். ஈவர் வந்து பக்கத்துல உக்காந்து ஒரு பைப் புகையிலை முடியற வரைக்கும் இருந்தான், எழுந்து போயிட்டான். எனக்கு ஒரு வருஷமா இல்லாத பசி எடுத்துச்சு.

ஈஸ்டர் வாரத்துல, பெரிய வியாழனுக்கு முந்தின நாள் வீட்டுக்கு வர்றேன், மீன் இருந்தாலும் இல்லைன்னாலும். அக்கா வீட்டுக்குப் போறதைக் கொஞ்சம் தள்ளி வை. நேத்து நீ பேசாம கேட்டுக்கிட்டு இருந்ததை நான் சரின்னு எடுத்துக்கறேன். அது தப்புன்னா எழுது.

எய்லிஃப்


லாங்வேர்
21 மார்ச்

எய்லிஃப்,

தப்பு. எனக்கு எதுவும் கேக்கலை.

அன்னிக்குப் போனை எடுத்தேன். "ஹவ்தெர்னா"ன்னு அந்தப் பொண்ணு ஆரம்பிச்சா, "இன்னிக்கு அவர்..."னு ஏதோ சொல்ல வந்தா. கூப்பிடாதேன்னு எழுதின பிறகும் கூப்பிடறானேன்னு எனக்கு ஆத்திரம். வெச்சுட்டா திரும்ப மணி அடிக்கும், அதனால வைக்கலை. ரிசீவரை மேஜை மேல போட்டுட்டு, கதவைச் சாத்திக்கிட்டு ஆட்டுக் கொட்டகைக்குப் போயிட்டேன். கெட்டில் அடுப்புல இருந்ததே மறந்துபோச்சு. ஒரு ஆட்டுக்குக் குளம்புல புண், அதைக் கழுவி மருந்து போட்டுட்டு, கொஞ்ச நேரம் அதுங்களோட சும்மா உக்காந்திருந்தேன். திரும்பி வந்தப்ப கெட்டில் வத்திப்போய் அடி கறுத்திருந்துச்சு. ரிசீவர்ல வெறும் இரைச்சல்.

உன் கடுதாசி வர்ற வரைக்கும் எனக்கு ஒண்ணும் விளங்கலை. போன் வந்த மறுநாள் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா காப்பித்தூளை நிறுத்துட்டு, என் முகத்தைப் பார்க்காம, கையை மட்டும் பிடிச்சா. பிடிச்சவ விடலை. கல்லறைத் தோட்டத்துக்குப் போனா ஆமுண்ட் கல்லைச் சுத்திப் பனியை யாரோ சுத்தமா பெருக்கியிருக்காங்க. கோயில்காரர் என்னைப் பார்த்துத் தொப்பியைக் கழட்டினார், கீல் கொண்டுவந்தப்பகூடக் கழட்டாதவர். சாயங்காலம் பெர்க்லியூட் வந்தா. கேக் இல்லாம வந்தா, அதுவே எனக்குப் பயமா இருந்துச்சு. வாசல்லயே நின்னு அழுதா. "ஓட்னி, நாங்க எல்லாரும் உன்னை..."ன்னு ஆரம்பிச்சா, அப்புறம் வாயை மூடிக்கிட்டா. கேட்டதைப் பேசக்கூடாதுல்ல. என் அடுப்புல அவளே காப்பி போட்டு எனக்குக் கொடுத்துட்டு, கறுத்துப்போன கெட்டிலை மணல் போட்டுத் தேய்ச்சு வெச்சுட்டுப் போனா.

இப்ப யாரும் என்னைக் கல்லு மாதிரி பொம்பளைன்னு சொல்றதில்லை. அது ஒண்ணு உன்னால ஆச்சு. அதுக்கு நன்றி சொல்லணும், சொல்றேன்.

ஆனா நீ என்ன சொன்னேங்கறது இந்தத் தீவு முழுக்கத் தெரியும், லோஃபோடன்ல இருக்கற அத்தனை ஆம்பளைக்கும் தெரியும், கரை ரேடியோப் பொண்ணுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. யாரும் எனக்குச் சொல்லவும் மாட்டாங்க. நேத்து பெர்க்லியூட் வீட்டுக்குப் போய், என்னதான் சொன்னான்னு கேட்டேன். வெக்கத்தை விட்டுட்டு நானே கேட்டேன். அவ என்னை வெறிச்சுப் பார்த்தா. "நீதானே கேட்டுக்கிட்டு இருந்தே?"ன்னா. கெட்டில் கூவினப்ப நான் அசையாம நின்னதைக் கேட்டு அவளும் அழுதாளாம், ஊரே அழுதுச்சாம். நான் ஆட்டுக் கொட்டகையில இருந்தேன்னு அவகிட்ட சொல்ல எனக்கு வாய் வரலை.

எனக்குத் தெரிஞ்சுக்கணும்னு ஆசையா இருக்கு. யார்கிட்டயும் சொல்லாததையும் சொன்னேன்னு எழுதியிருக்கியே, அது என்னன்னு ராத்திரியெல்லாம் நினைச்சுக்கிட்டு கிடக்கறேன். ஒரு வருஷமா நான் உன்கிட்டேருந்து கேக்கணும்னு இருந்தது அதுவாத்தான் இருக்கும். ஆனா எழுதாதே. ரெண்டாவது தடவை சொல்லத் தெம்பில்லைன்னு நீ சொல்றதை நான் நம்பறேன். தெம்பில்லாம எழுதினா அது வேற எதுவோவா ஆயிடும், அதைப் படிச்சுட்டு இதானான்னு நான் உக்காந்திருப்பேன். எனக்கு வர வேண்டியதை நீ எல்லாருக்கும் கொடுத்துட்டே. நானும் வாங்கிக்கற இடத்துல இல்லாம போயிட்டேன். இதுல யாரைக் குத்தம் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை, சொல்லி ஆகப்போறதும் ஒண்ணுமில்லை.

நான் போறதைத் தள்ளி வைக்கலை. வெள்ளிக்கிழமை ஊர்ப் படகுல கிளம்பறேன். நீ வர்றப்ப நான் துறையில நிக்க மாட்டேன், ஏமாந்து போகாதே. ஒரு தடவை நின்னாச்சு. வீட்டுச் சாவி பெர்க்லியூட்கிட்ட இருக்கும். குளம்புல புண் வந்த ஆட்டுக்கு இன்னும் ஒரு வாரம் மருந்து போடணும், அவகிட்ட சொல்லியிருக்கேன். உன் நீலச் சட்டை அலமாரியில மேல் தட்டுல இருக்கு. ஆமுண்டைப் போய்ப் பாரு. நீ இன்னும் அந்தக் கல்லைப் பார்க்கலை.

அக்கா வீட்ல போன் இருக்கு, நம்பர் உனக்குத் தெரியும். படகுலேருந்து கூப்பிடாதே. கூப்பிடறதா இருந்தா மேட்டு மேல அந்தப் பூத்துக்குப் போ. வரிசையில நில்லு, உன் முறை வர்றப்ப, பின்னாடி நிக்கறவங்க கேக்கக் கேக்க என்கிட்ட பேசு. நான் எடுப்பேன்னு சொல்லலை.

ஓட்னி